நீர்நெருப்புச் சித்தரின் ஜாடி

அந்த மாதம் ஆரணியில் பெட்ரோல் பங்க் பக்கம் வண்டியைத் திருப்பியவர்களை ஊரே பரிதாபமாகப் பார்த்தது. ஐயோ பாவம், இன்னும் பெட்ரோல் போடுகிறான், விஷயம் தெரியாது போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். விஷயம் தெரிந்தவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்கிறீர்களா? கோட்டை மைதானத்தில், கொளுத்தும் வெயிலில், கையில் ஊறுகாய் ஜாடியோடு வரிசையில் நின்றார்கள்.

எல்லாம் நீர்நெருப்புச் சித்தர் செய்த புண்ணியம்.

பஸ் நிலையச் சுவரிலிருந்து அரிசி ஆலை கேட்டு வரைக்கும் அவர் படம்தான். இடுப்பில் காவி வேட்டி, மேலே மெக்கானிக் போடுகிற நீலச் சட்டை, ஒரு கையில் சூலம், இன்னொரு கையில் ஸ்பேனர். ஆன்மிகம் கேட்பவனுக்குச் சூலம், விஞ்ஞானம் கேட்பவனுக்கு ஸ்பேனர், ரெண்டும் கேட்காமல் வாயைப் பிளப்பவனுக்குப் பக்கத்திலேயே உண்டியல். படத்துக்குக் கீழே, ‘பஞ்ச பூதங்களில் இரண்டைக் கட்டிப் போட்ட மகான்! தண்ணீரில் கார் ஓட்டுகிறார்! காண வாரீர்!’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மற்ற மூன்று பூதங்கள் எப்படித் தப்பித்தன என்று போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் காட்சி. மைதானத்தின் நடுவில் ஒரு பழைய வெள்ளை அம்பாசிடர் நிற்கும். சித்தர் அதன் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து, நீளக் குச்சி ஒன்றை உள்ளே விட்டு எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டுவார். குச்சி சுக்காகக் காய்ந்திருக்கும். பிறகு முன்பக்கம் வந்து, ஒரு செம்புத் தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, ஒரு சிட்டிகைப் பொடியைத் தூவி, எதையோ முணுமுணுத்துச் சாவியைத் திருப்புவார். ஜாடிக்குள் குபுகுபுவென்று குமிழி கிளம்பும். அம்பாசிடர் இருமும், செருமும், பிறகு கிளம்பி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிற்கும். “அரோகரா!” என்று கூட்டம் கத்தும். இட்லிக் கடை காத்தாயி கூட அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து கன்னத்தில் போட்டுக்கொள்வாள். சீக்கிரமே அடுப்பும் தண்ணீரில் எரியும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

“தண்ணிக்குள்ள ரெண்டு வாயு ஒளிஞ்சிகினு இருக்குது,” என்பார் சித்தர் மைக்கில். “ஒண்ணு எரியற வாயு. இன்னொண்ணு எரிய வெக்கிற வாயு. கரண்ட்டு உட்டா ரெண்டும் பிரிஞ்சி வெளிய வரும். இன்ஜினுக்குள்ள போயி எரியும். இத வெள்ளக்காரன் மறைச்சி வெச்சிருந்தான்!”

வெள்ளைக்காரன் ஒன்றையும் மறைக்கவில்லை. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்திலேயே படம் போட்டு இருக்கிறது. கடைசி வரி நீங்கலாக அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அங்கேதான் சூட்சுமம். நாலு உண்மையைச் சொல்லிவிட்டு ஐந்தாவதாக ஒரு பொய்யைச் சொன்னால், அதுவும் கும்பலோடு கும்பலாக உள்ளே போய்விடுகிறது.

இந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் முழங்கையால் இடம்பிடித்து நின்றவன்தான் நம் ஹேமநாத்.

ஹேமநாத்துக்குச் சொந்தமாக ஒரு ஆம்னி வேன் உண்டு. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவான். அப்புறம் பட்டுச் சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரத்துக் கடைகளுக்கு ஓடுவான். அவன் வீட்டில் உலை கொதிப்பது அந்த வண்டியால்தான். அவன் மனைவி சுகன்யா வீட்டு முன்னறையில் தராசு வைத்துக்கொண்டு, தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் கொடுத்துச் சேலையாகத் திருப்பி வாங்குகிற வேலை பார்த்தாள். நூல் போகும்போதும் எடை, சேலை வரும்போதும் எடை. நிறுக்காமல் ஓர் இழை கூட அவள் வீட்டு வாசலைத் தாண்டியது கிடையாது. இப்படி நிறுத்து நிறுத்துப் பிழைக்கிற ஊரில்தான் சித்தர் சொன்ன எதையும் நிறுக்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது.

சித்தர் வெறும் காட்சியோடு விடவில்லை. ‘நீங்களே செய்யலாம், நீர்நெருப்பு தீட்சை’ என்று முகாம் நடத்தினார். காணிக்கை கட்டியவர்கள் ஆளுக்கொரு கண்ணாடி ஜாடி, எவர்சில்வர் கரண்டிகள், ஒயர், மீன் தொட்டிக்குப் போடுகிற ட்யூப், இதெல்லாம் கொண்டுவர வேண்டும். ஊரில் அன்றைக்கு முக்கால்வாசி வீடுகளில் குழம்பு கிண்டக் கரண்டி இல்லை. ஹேமநாத்தும் சுகன்யாவின் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து, ஊறுகாயைக் குக்கரில் கொட்டிவிட்டு, ஜாடியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனான்.

முகாமில் வேலை மும்முரமாக நடந்தது. கரண்டிகளின் காம்பை வெட்டி, ஒன்றையொன்று தொடாமல் எதிரும் புதிருமாக ஜாடி மூடியில் பொருத்தினார்கள். ஒயரைப் பேட்டரிக்கு இழுத்தார்கள். ட்யூபை இன்ஜின் காற்று இழுக்கிற வாயில் சொருகினார்கள். தண்ணீரில் ‘அக்னி பஸ்பம்’ என்ற வெள்ளைப் பொடியைப் போட வேண்டும். அது சித்தரிடம் மட்டும்தான் கிடைக்கும். சாவியைத் திருப்பியதும் ஹேமநாத்தின் ஜாடியில் குமிழி வந்தது. அவன் கண்ணிலும் தண்ணீர் வந்தது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்தில் ஒரு தடவை கூட பாஸாகாதவன் அவன்.

குமிழியைப் பார்த்தது அத்தோடு சரி. சித்தர் ஜாடியை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, மஞ்சள் துணி சுற்றி, சிவப்புக் கயிற்றால் கட்டினார்.

“ஒரு மண்டலம் பெட்டியத் தொறக்கக் கூடாது. தொறந்தா வாயு கோச்சிக்கும். அது வரைக்கும் பெட்ரோலும் கொஞ்சம் ஊத்தணும், மைலேஜ் மட்டும் ஏறும்.”

“தண்ணி தீந்துட்டா, சாமி?” என்று கேட்டார் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அன்பரசு.

“மந்திரிச்ச தண்ணி. ஒரு மண்டலத்துக்கு ஒரு ஜாடி போதும்.”

வாசலில் இருக்கிற ரோஜாச் செடிக்கே ஒரு ஜாடித் தண்ணீர் ஒரு நாளைக்குப் போதாது. ஆனால் யாரும் செடியை நினைத்துப் பார்க்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

பெட்டியோடு கூட ஒரு விரதமும் உண்டு. நாற்பதுக்கு மேல் வேகம் போகக் கூடாது. சடாரென்று பிரேக் போடக் கூடாது. நிறுத்தினால் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். டயரில் எப்போதும் காற்று நிறைந்திருக்க வேண்டும். காற்று வடிகட்டியை வாரம் ஒரு முறை தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் புளிமூட்டையாக அடைக்கக் கூடாது. “இதெல்லாம் எதுக்கு சாமி?” என்று கேட்டதற்கு, “வாயுவுக்கு மரியாதை,” என்றார் சித்தர்.

பெட்டி வீட்டுக்கு வந்த மறுநாள். கன்னியம்மாள் என்கிற தறிக்கார அம்மா நெய்து முடித்த சேலையோடு வந்திருந்தாள். சுகன்யா சேலையைத் தராசில் வைத்தாள். எடை கொஞ்சம் தாராளமாகவே வந்தது. அவள் சேலையைத் தொட்டுப் பார்த்து, மின்விசிறிக்குக் கீழே கொடியில் விரித்துவிட்டாள்.

“மழ ஈரம்மா அது,” என்று இழுத்தாள் கன்னியம்மாள்.

“மழைய நான் வாங்கறதில்லக்கா. பட்டுதான் வாங்கறேன். ஈரத்தோட ஒரு தபா பாத்துட்டேன். ஈரமில்லாம ஒரு தபா பாத்துடறேன்.”

காய்ந்த சேலை எவ்வளவு நிறுத்தது என்பது அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கன்னியம்மாள் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஹேமநாத்தைப் பார்த்து சுகன்யா கேட்டாள். “ஏங்க, அந்தப் பெட்டிக்குள்ள போட்டாரே ஒரு பொடி, இன்னா பொடி அது?”

“அக்னி பஸ்பம்.”

“கொஞ்சம் கீழ சிந்தியிருந்துது, தொட்டுப் பாத்தேன். சாயப் பட்டறையில பட்டு நூல வேக வெக்கிறப்ப போடுவாங்களே, அந்த சோடா மாதிரி இருக்குது. வழவழன்னு.”

“சோடாவும் பஸ்பமும் ஒண்ணா? இன்னா பேசற நீ?”

“சேலை ஏத்திகினு போற வண்டிங்க அது. அந்தத் தண்ணி ஒரு சொட்டு பட்டு மேல பட்டா இன்னா ஆவும்? அது போவட்டும், உங்க வண்டியத் தண்ணி இல்லாம என்னைக்காவது ஓட்டிப் பாத்தீங்களா?”

“தண்ணி இல்லாம எதுக்கு ஓட்டணும்?”

“தண்ணியாலதான் மைலேஜ் வருதான்னு தெரிய வேணாமா?”

“சந்தேகம் வாயுவுக்கு ஆவாது!” என்று எழுந்தான் ஹேமநாத். “பேஜார் பண்ணாத சுகன்யா. நான் குளிக்கப் போறேன்.”

அவன் குளிக்கப் போனான். சுகன்யா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பெண்டாட்டி வாயை அடைத்துவிட்டோம் என்று ஹேமநாத்துக்கு ஏகப்பட்ட பெருமை.

அதிலிருந்து அவன் வண்டி பறந்தது என்று சொல்ல முடியாது, நாற்பதைத் தாண்டக் கூடாதே! ஆனால் லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுத்துக்கொண்டிருந்த வண்டி பதினாறு கொடுத்தது. ஹேமநாத் டீக்கடையில், சலூனில், பள்ளிக்கூட வாசலில் எல்லாம் பிரசங்கம் செய்தான். “பெடல்ல காலு வெக்கிறப்பவே தெரியுது மாமா! உள்ள குளுகுளுன்னு குமிழி சத்தம் கேக்குது!” என்றான். வீட்டில் தினமும் சாயங்காலம் சுகன்யா கேட்பாள். “இன்னைக்கும் குமிழி சத்தம் கேட்டுதாங்க?”

“நேத்தைக்கு விட ஜாஸ்தி!”

“நல்லா கேக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்வாள்.

மற்றவர்கள் கதை வேறு மாதிரி இருந்தது. புதன்கிழமைகளில் சித்தர் குறை தீர்க்கும் கூட்டம் வைத்தார். அங்கே போய்ப் பார்த்தால் ஊர் வண்டிகளின் ஒப்பாரியே கேட்கும்.

“சாமி, பேட்டரி இறங்கிப் போவுது. காலையில நாலு பேரு தள்ளினாத்தான் ஸ்டார்ட் ஆவுது.”

“விரதக் களைப்பு. வண்டியும் ஒரு உசிருதான?”

“சாமி, பெட்டி ஓரமா காபித் தண்ணி மாதிரி கசியுது.”

கரண்டி துருப்பிடித்தால் காபி நிறத்தில்தான் கசியும். சித்தர் அதை விரலால் தொட்டுப் பார்த்து, “இது உன் வண்டியோட பாவம். கழிஞ்சிகினு இருக்குது,” என்றார். கேட்டவர் ரைஸ் மில் ஓனர் ஜெகநாதன். மேடை போட்டு, மைக் கட்டி, சித்தரை ஊருக்குள் கொண்டுவந்தவரே அவர்தான். மனுஷன் பரவசத்தில் அந்தப் பாவத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்ளப் போனார். நல்லவேளை, பக்கத்தில் இருந்தவர்கள் கையைப் பிடித்துவிட்டார்கள்.

“சாமி, மைலேஜே ஏறல,” என்றார் இன்னொருவர்.

“முகாமுல இன்னா தண்ணி ஊத்தன?”

“முனிசிபாலிட்டி தண்ணி.”

“அதான பாத்தேன்! அதுல மருந்து கலந்திருப்பான். கமண்டல நாகநதித் தண்ணி ஊத்தணும்.”

ஆற்றில் அப்போது மணலும் சீமைக் கருவேல முள்ளும்தான் இருந்தன. அந்த ஆசாமி ஒரு குடத்தோடு ஆற்றுப் பாலத்தடியில் மூன்று நாள் நின்றதாகச் சொன்னார்கள். அன்பரசு ஆட்டோவில் இன்னும் விசேஷம். சிக்னலில் நிற்கும்போது பெட்டி டமார் என்று வெடித்து, ஜாடி மூடி பறந்துபோய்ப் பூக்கடைப் பந்தலில் விழுந்தது. ஆட்டோவில் சவாரி இல்லாததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்பரசு நடுநடுங்கிப் போய்ச் சித்தரிடம் ஓடினார். “வாயுவுக்கு வேகம் ஜாஸ்தி ஆயிடுச்சி. உனக்கு நல்ல காலம் பொறக்குது,” என்று சொல்லி, இன்னொரு பொட்டலம் பஸ்பம் விற்றார் சித்தர்.

இத்தனை பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர, ஹேமநாத் வண்டி மட்டும் சாவி போட்டதும் சீறியது. பேட்டரி இறங்கவில்லை. பாவம் கசியவில்லை. மூடி பறக்கவில்லை. சித்தருக்கே ஆச்சரியம். எல்லா இடத்திலும் ஓடாத ஒரு சாமான் இங்கே மட்டும் எப்படி ஓடுகிறது என்று அவர் நாலு தடவை அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு ஹேமநாத்தின் தோளில் கை போட்டார்.

“எல்லாம் பக்தி. உன்ன மாதிரி ஒரு சீடனைத்தான் தேடிகினு இருந்தேன். ஆரணி வட்டத் தலைமைச் சீடன் பட்டம் உனக்குத்தான். இனிமே இந்தப் பக்கத்துல பஸ்பம், பெட்டி எல்லாமே உன் மூலமாத்தான்.”

ஹேமநாத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. “நான் இன்னா செய்யணும், சாமி?”

“உன் வண்டிய என் பாதத்துல வெச்சிடு.”

“வண்டியவா?”

“பெட்ரோல் டேங்க் உள்ள வண்டி உனக்கு எதுக்கு? டேங்கே இல்லாத வண்டி ஒண்ணு செஞ்சிகினு இருக்கேன். அடுத்த மாசம் தரேன். ஞாயித்துக்கிழம மண்டலம் முடியுது. மேடையில உன் பெட்டிய எல்லார் முன்னாடியும் தொறப்போம். அப்பால சாவியும் ஆர்.சி. புக்கும் தட்டுல வெச்சிக் குடுத்துடு.”

ஹேமநாத் சரி என்று சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னான். உலை கொதிக்கிற அடுப்பையே தூக்கிக் கொடுக்கப் போகிறேன் என்கிறானே, சுகன்யா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள் என்றுதான் அவன் எதிர்பார்த்தான். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு, “பெட்டிய மேடையிலதான் தொறக்கறாங்களா? எல்லார் முன்னாடியுமா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“முதல்ல பெட்டி. அப்பாலதான் சாவி. அப்படித்தானே?”

“ஆமா.”

“அப்ப சரி. தட்ட நானே எடுத்துகினு வரேன்.”

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. வெம்பாக்கம், தெள்ளாரிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்திருந்தார்கள். வந்த வேன்கள் பெட்ரோலிலும் டீசலிலும்தான் வந்தன என்பதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. காத்தாயி கடையில் இட்லி பத்து மணிக்கே தீர்ந்துபோயிற்று. முதலில் சித்தர் ஹேமநாத்துக்குத் துண்டு போர்த்தி, அம்பாசிடர் சாவியை அவன் கையில் கொடுத்தார். தலைமைச் சீடனே அன்றைக்குத் தண்ணீர்க் காரை ஓட்டிக் காட்டும் பெருமை. குச்சி போட்டார்கள், சுக்கு. தண்ணீர் ஊற்றினார்கள், குமிழி. ஹேமநாத் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கினான். அரோகரா காதைப் பிளந்தது. அடுத்து மைக்கைப் பிடித்தான்.

“பன்னெண்டு குடுத்த வண்டி பதினாறு குடுக்குதுங்க! தண்ணியோட சக்திய நான் காலுல உணர்ந்தேன்! குமிழி சத்தம் தெனமும் என் காதுல கேட்டுது!”

கைதட்டல். ஆம்னியிலிருந்து பெட்டியைத் தூக்கிவந்து மேடையில் வைத்தார்கள். சுகன்யா வெற்றிலை பாக்கு வைத்த தட்டோடு வந்து நின்றாள். தட்டில் ஆம்னி சாவியும் ஆர்.சி. புக்கும் இருந்தன. சித்தர் முதலில் தட்டுக்குத்தான் கையை நீட்டினார். அவள் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“பெட்டி முதல்ல, சாமி.”

சித்தர் சிரித்துக்கொண்டே சிவப்புக் கயிற்றை அவிழ்த்தார். மஞ்சள் துணியை விலக்கினார். மூடியைத் திறந்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் உறைந்தது.

ஜெகநாதன் எட்டிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். மைக் பக்கத்தில் இருந்ததால் அவர் சொன்னது மைதானம் முழுக்கக் கேட்டது.

“இது இன்னா... எலுமிச்ச ஊறுகாயா?”

ஊறுகாய்தான். நன்றாக ஊறி, எண்ணெய் மிதந்து, மேலே கடுகு தெரிய, ஒரு ஜாடி நிறைய. ஒயர்கள் எதிலும் சேராமல் பெட்டி ஓரத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

ஹேமநாத் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தான். “சுகன்யா! இன்னா இது?”

“பெட்டி வந்த மறுநாளு நீங்க குளிக்கப் போனீங்க இல்ல, அப்பவே சோடாத் தண்ணியக் கொட்டிட்டு என் ஜாடியக் கழுவி எடுத்துகினேன். குக்கர்ல கொட்டினா ஊறுகா கெட்டுப் பூடும். அதான் திரும்பவும் ஜாடியிலயே போட்டு, ஜாடிய அதே எடத்துல வெச்சேன்.”

“கயிறு கட்டினபடி இருந்துதே!”

அறுந்த பட்டிழையை முடிச்சுத் தெரியாமல் இணைக்கிற கைகள் அவை. அந்தக் கைகளுக்கு ஒரு சிவப்புக் கயிறு எந்த மூலைக்கு?

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொன்னேனுங்க. உங்க காதுல குமிழி சத்தம் கேட்டுகினு இருந்துது, நான் சொன்னது கேக்கல. அதான் வண்டியக் கேட்டேன். வண்டி சொல்லிடுச்சி.”

மைதானத்தில் எங்கோ ஒருவர் சிரித்தார். அது பக்கத்தில் இருந்தவருக்குத் தொற்றி, அவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய், கூட்டம் முழுக்கப் பரவியது. குமிழி சத்தம் கேட்ட காதுகள் சிவந்து, ஹேமநாத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

ஆனால் சித்தர் லேசுப்பட்டவர் அல்ல. சூலத்தைத் தூக்கினார்.

“பாத்தீங்களா ஜனங்களே! ஊறுகாய வெச்சிக்கூட பதினாறு வந்திருக்குதுன்னா என் அருள் எப்படிப்பட்டதுன்னு யோசிங்க! ஜாடியில தண்ணி இல்லன்னாலும் என் சக்தி பாய்ஞ்சிருக்குது!”

நம்பினால் நம்புங்கள், கூட்டத்தில் பாதிப் பேர் மறுபடியும் “அரோகரா!” என்றார்கள். ஹேமநாத்தின் வாயும் பாதி திறந்தது. மானம் போவதற்கு அருள் என்று பெயர் வைத்தால் கொஞ்சம் வலி குறைகிறது அல்லவா? சித்தர் தட்டை நோக்கி மறுபடியும் கையை நீட்டினார்.

“இருங்க சாமி,” என்றாள் சுகன்யா. அவள் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்தத் தட்டில் இருந்தது அவள் குடும்பம். “அந்த வெள்ளைக் காரு எதுல ஓடுது?”

“தண்ணியில. இத்தினி பேரு பாத்தாங்களே!”

“தண்ணி ஊத்தி ஓட்டினத எல்லாரும் பாத்தோம். ஊத்தாம ஓட்டினத யாரும் பாக்கல. ஜாடியில இருக்கற தண்ணியக் கீழ கொட்டிடுங்க. அப்பால சாவியத் திருப்புங்க. காரு ஸ்டார்ட் ஆவலன்னா இந்தச் சாவி உங்களுக்கு. வேற பேச்சே கெடையாது.”

கூட்டம் மொத்தமும் அம்பாசிடர் பக்கம் கழுத்தைத் திருப்பியது. கன்னியம்மாள், “ஈரமில்லாம ஒரு தபா பாத்துடலாம்!” என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

“தண்ணி இல்லாம சாவி போட்டா இன்ஜின் வெந்துடும்!” என்று சித்தர் கத்தினார். “யாரும் கிட்ட வராதீங்க!”

ஆனால் சாவி அவரிடம் இல்லை. தலைமைச் சீடன் கையில் இருந்தது. எல்லோரும் ஹேமநாத்தைப் பார்த்தார்கள். சுகன்யாவும் பார்த்தாள். அவன் சித்தரைப் பார்த்தான். இத்தனை நாளும் ஸ்பேனர் பிடித்துக் கம்பீரமாக நின்ற அந்தக் கை இப்போது வேட்டியின் மடிப்பைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது. ஹேமநாத் மெதுவாக நடந்துபோய் ஜாடியைக் கழற்றி, தண்ணீரை மண்ணில் ஊற்றினான். காரில் ஏறி உட்கார்ந்தான்.

ஸ்டார்ட் ஆகக் கூடாது, கடவுளே, ஸ்டார்ட் ஆகக் கூடாது என்று அவன் மனம் கெஞ்சியது. ஆகவில்லை என்றால் அவன் முட்டாள் இல்லை. ஆகவில்லை என்றால் வண்டியும் போய்விடும். இரண்டில் எது பெரிது என்று அந்த நொடியில் அவனுக்கே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினான்.

அம்பாசிடர் இருமியது. செருமியது. ஜம்மென்று ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அன்றைக்கு யாரும் அரோகரா சொல்லவில்லை. இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. சொட்டுத் தண்ணீர் இல்லாமல் தண்ணீர்க் கார் ஓடிக்கொண்டிருந்தது. ஹேமநாத் இறங்கிப் பின்கதவைத் திறந்தான். பெட்ரோல் வாசனை அவனுக்குப் புதுசா என்ன? பின் சீட்டைத் தூக்கினான். கீழே ஒரு கேன் படுத்திருந்தது. அதிலிருந்து ஒரு ட்யூப் இன்ஜின் பக்கம் போயிற்று.

“அடேய் வேடியப்பா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வெம்பாக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். “நீயாடா சித்தரு? எங்க ஊட்டு பம்ப்செட்ட ரிப்பேர் பண்றேன்னு அவுத்துப் போட்டுட்டு ஓடனவன்தான நீ? என் மோட்டார் இன்னும் மூட்டையிலதான்டா இருக்குது!”

வேடியப்ப சித்தர் கூட்டத்தில் நழுவப் பார்த்தார். நீலச் சட்டை காட்டிக்கொடுத்துவிட்டது. அன்பரசு ஓடிப்போய்ச் சட்டைக் காலரைப் பிடித்தார். “உன் நல்ல காலம் பொறந்துடுச்சி, வா!” என்றார். அவரை அந்த அம்பாசிடரிலேயே ஏற்றி, அந்தக் கேனில் இருந்த பெட்ரோலிலேயே போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோனார்கள். ஓட்டியது தலைமைச் சீடன்தான்.

திரும்பி வந்தபோது சுகன்யா ஆம்னிக்குப் பக்கத்தில் தட்டோடு நின்றிருந்தாள். ஹேமநாத் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் டயரைப் பார்த்தான்.

“அப்ப அந்த பதினாறு எப்படி வந்துது, சுகன்யா? அது பொய் இல்லியே. நான் கணக்குப் பாத்தேனே.”

“நாப்பதுக்கு மேல போனீங்களா?”

“இல்ல.”

“டயர்ல காத்து?”

“வாரா வாரம் அடிச்சேன்.”

“பசங்கள அடைச்சி ஏத்தனீங்களா?”

“இல்ல...” அவன் நிமிர்ந்தான். “அட! அவ்ளதானா?”

“அவ்ளதாங்க. நல்லா ஓட்டினது நீங்க. பேரு அந்த ஆளுக்குப் போச்சி.”

“ஆனா குமிழி வந்துதே. வாயு எரியும்னு அந்த ஆளு சொன்னது நெசந்தானே?”

“நெசந்தான். அந்தக் குமிழிக்கு கரண்ட்டு யாரு குடுத்தது? பேட்டரி. பேட்டரிக்கு யாரு குடுத்தது? இன்ஜின். இன்ஜினுக்கு? நீங்க போட்ட பெட்ரோல். நான் தறிக்குக் குடுத்த நூலுதான் சேலையா திரும்பி வருது. நடுவுல கழிவு வேற போவுது. குடுத்தத விட ஜாஸ்தி எடை வந்தா நான் இன்னா நெனைப்பேன்? ஈரம்னு நெனைப்பேன்.”

ஹேமநாத் வெட்கத்தோடு சிரித்தான். மனதுக்குள் ஏதோ ஒன்று இறங்கி லேசானது. தட்டிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டான். ஊறுகாய் ஜாடியைத் தூக்கிச் சீட்டில் பத்திரமாக வைத்தான்.

அப்போது ரைஸ் மில் ஜெகநாதன் அக்கம்பக்கம் பார்த்தபடி மெல்ல வந்து, சுகன்யாவின் காதருகில் குனிந்தார்.

“ஏம்மா, கோச்சிக்காத. அந்த ஊறுகா எலுமிச்சதானா, இல்ல நார்த்தங்கா கலந்ததா? என் காருக்கு ஒரு ஜாடி வெச்சிப் பாக்கலாம்னு...”

சுகன்யா தலையில் அடித்துக்கொண்டாள். அப்படிப்பட்டவருக்கு என்னதான் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். ஆனால் ஹேமநாத் சொன்னான். மறுநாளே பெயிண்டரைக் கூப்பிட்டுத் தன் வேனின் பின்கண்ணாடியில் எழுதி வைத்தான். இன்றைக்கும் ஆரணியில் அந்த ஆம்னிக்குப் பின்னால் போகிறவர்கள் அதைப் படிக்கலாம்.

‘இந்த வண்டி பெட்ரோலில் ஓடுகிறது. நான் சொல்வதை நம்பாதீர்கள். சோதித்துப் பாருங்கள்.’